பழைய பெட்டிக்குள் எச்டி: ஒத்திசைவான ஒளிபரப்பு என்றால் என்ன?

யாழ்ப்பாணத்தில் டிஷ் பூட்டிய வீடுகளில் ரிமோட்டை எடுத்து சனல் பட்டியலை ஓட்டிப் பார்த்தால், ஒரே சனல் இரண்டு இலக்கங்களில் இருப்பதைக் காணலாம். ஒன்று வெறும் பெயரோடு இருக்கும், மற்றதில் பெயருக்குப் பின்னால் எச்டி என்று சேர்த்திருக்கும். இரண்டிலும் அதே நேரத்தில் அதே நாடகம்தான் ஓடும். ஒரே நாடகத்தை எதற்கு இரண்டு தரம் அனுப்ப வேண்டும்? தெளிவான படத்தை மட்டும் அனுப்பி, பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் அதிலிருந்தே தங்கள் பெட்டிக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளும்படி செய்ய முடியாதா?

முடியும் என்று நம்பி, உலகத்தின் பெரிய ஆய்வுகூடங்கள் 1980களில் வருடக்கணக்காக மினக்கெட்டன. அவை தேடியதுதான் ஒத்திசைவான ஒளிபரப்பு. வானில் வரும் புதிய சமிக்ஞையைப் பழைய பெட்டி, உள்ளே ஒரு கம்பிகூட மாற்றாமல், தன் பழைய தரத்தில் காட்ட வேண்டும். அதே சமிக்ஞையிலிருந்து புதிய பெட்டி முழுத் தெளிவையும் எடுக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையும் ஒன்றாக நிறைவேறினால்தான் அது ஒத்திசைவு.

பழைய பெட்டி என்ன எதிர்பார்க்கிறது

இலங்கையும் இந்தியாவும் தரைவழி ஒளிபரப்புக்கு எடுத்துக்கொண்டது பிஏஎல் என்ற முறை. அதில் ஒரு படம் 625 கிடை வரிகளால் ஆனது. அவற்றில் 576 வரிகள்தான் திரையில் தெரியும். மிச்சம் 49 வரிகளின் நேரம், படக்குழாயில் ஓடும் இலத்திரன் கற்றை கீழிருந்து மேலே திரும்பிப் போவதற்கு. செக்கனுக்கு 25 படங்கள், அதையும் பாதிபாதியாகத்தான் அனுப்புவார்கள்: முதலில் ஒற்றை வரிகள், பிறகு இரட்டை வரிகள். ஆகவே செக்கனுக்கு 50 அரைப்படங்கள். கண் அவற்றைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு வரிக்குக் கிடைக்கும் நேரம் 64 மைக்ரோ செக்கன். அதில் படம் தெரிவது 52 மைக்ரோ செக்கன் மட்டும். இலங்கையில் பயன்பட்ட பிஏஎல் வகையில் படத்துக்கு ஒதுக்கிய மீடிறன் அகலம் (அதிர்வெண் அகலம்) 5 மெகாஹேர்ட்ஸ். ஓர் அலைக்கு ஒரு வெளிச்சப் புள்ளி, ஓர் இருட்டுப் புள்ளி என்று கணக்குப் பார்த்தால், ஒரு வரியில் ஏறத்தாழ 520 புள்ளிகளைத்தான் பிரித்துக் காட்ட முடியும். வரிகளைக் கூட்டினாலும் வரிக்குள் புள்ளிகளைக் கூட்டினாலும் மீடிறன் அகலமும் கூட வேண்டும். ஆனால் விஎச்எஃப் என்ற தரைவழி அலைப் பகுதியில் ஒரு சனலுக்கு ஒலியும் சேர்த்து 7 மெகாஹேர்ட்ஸ்தான். அதற்கு அப்பால் பக்கத்துச் சனலின் இடம் வந்துவிடும்.

பழைய பெட்டியைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது முக்கியம். அதற்கு ஞாபகம் என்று ஒன்று கிடையாது. அந்தக் கணத்தில் அன்ரெனா கொடுப்பதை அந்தக் கணத்திலேயே திரையில் வரைந்துவிடும். போன படத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் அதற்குத் தெரியாது. பின்னால் வந்த எல்லாத் தந்திரங்களும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

எச்டி என்று நாம் இப்போது சொல்லும் படத்தில் 1080 வரிகள், ஒவ்வொன்றிலும் 1920 புள்ளிகள், மொத்தம் 20 இலட்சத்துக்கு மேல். பழைய 625 வரிப் படத்தை இலக்கமுறைக்கு மாற்றும்போது 576 வரிகள், வரிக்கு 720 புள்ளிகள் என்று எடுப்பார்கள். பெருக்கிப் பார்த்தால் எச்டி சரியாக ஐந்து மடங்கு. போதாததற்குத் திரையின் வடிவமும் மாறிவிட்டது. பழையது 4க்கு 3, புதியது 16க்கு 9. ஐந்து மடங்கு விவரத்தை அதே பாதையால், பழைய பெட்டிக்குத் தெரியாமல் எப்படிக் கொண்டுபோவது?

நிறம் ஒளிந்து வந்த கதை

பொறியியலாளர்களுக்கு அந்த நம்பிக்கை சும்மா வரவில்லை. இதே மாதிரியான ஒரு வேலையை முன்பே ஒரு தரம் செய்து முடித்திருந்தார்கள்.

1950இல் அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு, சிபிஎஸ் நிறுவனத்தின் வர்ணத் தொலைக்காட்சி முறைக்கு அனுமதி கொடுத்தது. சுழலும் வர்ணத் தட்டை வைத்துச் செய்த அந்த முறையில் நிறம் நன்றாகவே வந்தது. ஆனால் நாட்டில் அப்போது ஒரு கோடியளவில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் அந்த ஒளிபரப்பு படமாகவே விழவில்லை. 1951 ஜூனில் தொடங்கிய வர்த்தக ஒளிபரப்பு அதே வருடம் ஒக்ரோபரில் நின்றுபோனது. 1953இல் அங்கீகாரம் பெற்ற என்ரிஎஸ்சி வர்ண முறைதான் பழைய பெட்டிகளைக் கைவிடாமல் நிறத்தைக் கொண்டுவந்தது.

அதில் இரண்டு தந்திரங்கள் உண்டு. முதலாவது, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றையும் தனித்தனியாக அனுப்பாமல், மூன்றையும் குறித்த விகிதத்தில் கலந்து ஒரே ஒரு வெளிச்ச அளவாக்கி அனுப்புவது: சிவப்பில் 30 வீதம், பச்சையில் 59 வீதம், நீலத்தில் 11 வீதம். கண் வெளிச்சத்தை உணரும் விகிதம் ஏறத்தாழ இதுதான். கறுப்பு வெள்ளைப் பெட்டிக்குத் தேவையானது இந்த வெளிச்ச அளவு மட்டுமே. நிறத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய வித்தியாசங்களைத் தனியாகச் சேர்த்தால் போதும். நிறத்தின் நுணுக்கத்தைக் கண் அவ்வளவு கூர்மையாகப் பார்ப்பதில்லை என்பதால் அதற்குக் குறைந்த அகலமே போதும்.

இரண்டாவது தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. படம் வரிவரியாகப் போவதால், அதன் மின்சமிக்ஞை 5 மெகாஹேர்ட்ஸ் முழுவதையும் நிரவி நிரப்புவதில்லை. வரி திரும்பத் திரும்ப வரும் வேகத்தின், அதாவது பிஏஎல்லில் 15,625 ஹேர்ட்ஸின், மடங்குகளைச் சுற்றிக் கும்பல் கும்பலாக நிற்கும். இரண்டு கும்பல்களுக்கு நடுவே பெரிதாக ஒன்றும் இருக்காது. பெல் ஆய்வுகூடத்தில் மேர்ட்ஸும் கிரேயும் 1934இலேயே இதைக் கணித்துக் காட்டியிருந்தார்கள். நிறத்தைச் சுமக்கும் அலையின் மீடிறனைக் கவனமாகத் தெரிவு செய்தால், நிறத்தின் கும்பல்கள் அந்த இடைவெளிகளில் விழும். நம்முடைய தோட்டங்களில் புகையிலை வரிசைக்கு நடுவே ஊடுபயிர் போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நிலம்தான், அதே தண்ணீர்தான், முதல் பயிருக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை.

கறுப்பு வெள்ளைப் பெட்டி இந்த நிற அலையையும் சேர்த்தே திரையில் வரைந்துவிடும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் மீடிறனைத் தெரிவு செய்த விதத்தால், ஒரு வரியில் வெளிச்சமாக விழுந்த புள்ளி அடுத்தடுத்த வரிகளிலும் படங்களிலும் மாறி இருட்டாக விழும். கண்ணுக்கு இரண்டும் கழிந்து, மங்கலான புள்ளிக் கோலமாகத்தான் தெரியும்.

அமெரிக்க முறையில் ஜேர்மனியின் வால்ரர் புறூக் ஒரு திருத்தம் செய்தார்: நிற அலையின் ஒரு பகுதியை வரிக்கு வரி தலைகீழாக்கி அனுப்பினால், வழியில் நேரும் நிறப் பிழைகள் தாமே கழிந்துவிடும். அதுதான் பிஏஎல். 1982இல் இந்தியாவின் தூரதர்ஷன் வர்ணத்துக்கு மாறியதும், அதே வருடம் பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கியதும் இந்த முறையில்தான். உயர்ந்த கம்பத்தில் அன்ரெனாவும் பூஸ்ரரும் பூட்டி பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து தூரதர்ஷனைப் பிடித்த யாழ்ப்பாண வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தாலும் படம் வந்தது. வானில் வந்த நிறம் அந்தப் பெட்டிக்குத் தெரியவே தெரியாது.

இலவசமாக ஒன்றும் வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். செய்தி வாசிப்பவர் சின்னக் கட்டம் போட்ட சேலை உடுத்தி வந்தால் அதன் மேல் வானவில் நிறங்கள் அலைபாய்ந்தது ஞாபகம் இருக்கும். துணியின் நுண்கோடுகள் நிறத்துக்கான இடத்தில் விழுந்து, பெட்டி அவற்றை நிறம் என்று நினைத்துக்கொண்டதன் விளைவு அது. அமெரிக்காவிலோ நிற அலையும் ஒலி அலையும் மோதிக் கோலம் போடாமல் இருக்க, செக்கனுக்கு 30 படம் என்ற அழகான எண்ணை 29.97 ஆகக் குறைக்க வேண்டிவந்தது. அந்த அலங்கோலமான தசமம் இன்றைய வீடியோக் கோப்புகளிலும் தொடர்கிறது.

ஐந்து மடங்கை எங்கே ஒளிப்பது?

நிறம் சின்னப் பொதி. எச்டி அப்படியில்லை.

யப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே, 1964 ரோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு இந்த ஆய்வைத் தொடங்கி, 1125 வரிகள் கொண்ட ஹை-விஷன் முறையை உருவாக்கியது. அதன் வெளிச்ச அளவுக்கு மட்டுமே 20 மெகாஹேர்ட்ஸ் தேவை. அதைச் செய்மதிச் சனல் ஒன்றுக்குள் அடக்குவதற்காக மியூஸ் என்ற சுருக்கும் முறையைச் செய்து, ஏறத்தாழ 8 மெகாஹேர்ட்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். புதிய பெட்டிக்கு ஞாபகம் உண்டு என்பதுதான் அந்தச் சுருக்கத்தின் அடிப்படை. அசையாத காட்சியின் புள்ளிகளை நாலாகப் பிரித்து, அடுத்தடுத்த நாலு அரைப்படங்களில் கால்வாசி கால்வாசியாக அனுப்புவார்கள். பெட்டி அவற்றைச் சேமித்துத் தைத்துக்கொள்ளும். அசையும் பொருளை அப்படித் தைக்க முடியாது, ஆகவே அந்த இடத்தில் கொஞ்சம் மங்கலாக விடுவார்கள். ஓடுகிற பொருளின் நுணுக்கத்தைக் கண்ணும் சரியாகப் பார்ப்பதில்லை. கெட்டித்தனமான வேலை. ஆனால் பழைய பெட்டி ஒரு மாற்றியை வாங்கிப் பூட்டாமல் மியூஸைக் காட்டாது. ஒத்திசைவு போயிற்று.

1986இல் டுப்ரோவ்னிக்கில் கூடிய சர்வதேச வானொலி ஆலோசனைக் குழுவில், யப்பானிய முறையை உலகத் தரமாக்க ஐரோப்பியர் சம்மதிக்கவில்லை. தொழில்நுட்பக் காரணமாகச் சொன்னது, ஐரோப்பா செக்கனுக்கு 50 அரைப்படம், யப்பான் 60 என்பது. உள்ளே இருந்த பயம், தங்கள் ரீவித் தொழிற்சாலைகளை யப்பான் விழுங்கிவிடும் என்பது. அதே வருடம் அவர்கள் யுரேக்கா 95 என்ற திட்டத்தைத் தொடங்கி எச்டி-மாக் முறையைச் செய்தார்கள். 1250 வரிகள், 625இன் சரி இரண்டு மடங்கு. படத்தின் எந்தப் பகுதி அசைகிறது, எது அசையவில்லை என்று நிலையத்திலேயே கணித்து, அந்தக் குறிப்பை இலக்கத் தரவாக, திரையில் தெரியாத வரிகளில் வைத்து அனுப்பினார்கள். புதிய பெட்டி அதைப் படித்துத் தைக்கும், பழைய பெட்டி அந்தப் பக்கமே பார்க்காது. 1992இல் அல்பேர்வில், பார்சிலோனா ஒலிம்பிக்குகளை இதில் ஒளிபரப்பினார்கள். ஒரு வேடிக்கை, அந்த ஒத்திசைவு பிஏஎல் பெட்டிகளோடு இல்லை! மாக் என்ற இடைப்பட்ட செய்மதி முறையின் பெட்டிகளோடுதான். அதை வாங்கியவர்களே குறைவு. ஊரில் இல்லாத பெட்டிக்காக அவ்வளவு சிரமப்பட்டிருக்கிறார்கள். 1993இல் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

உலகம் 1125 வரியா 1250 வரியா என்று பிடுங்குப்பட்ட அந்த வருடங்கள் பலவற்றில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்து வீடியோ டெக்கில் படம் போட்டவர்களுக்கு, அந்த நாடா கொடுத்த ஏறத்தாழ 240 கோட்டுத் தெளிவே போதுமாக இருந்தது.

உண்மையான ஒளித்துப்பிடி விளையாட்டு நடந்தது அமெரிக்காவில். அங்கே தரைவழி ஒளிபரப்புக்குச் சனலுக்கு 6 மெகாஹேர்ட்ஸ்தான். சார்னொவ் ஆய்வுகூடம் முன்வைத்த ஏசிரிவி முறை அந்த 6 மெகாஹேர்ட்ஸுக்குள்ளேயே அகலத் திரையைக் கொண்டுவரப் பார்த்தது. நடுவே உள்ள 4க்கு 3 பகுதி பழைய பெட்டிக்கு. இரண்டு பக்கமும் மிஞ்சும் பகுதியின் பருமட்டான வெளிச்சத்தை நெருக்கி, வரியின் இரு ஓரங்களிலும் ஒரு சின்ன நேரத்துக்குள் அடைத்தார்கள். பழைய பெட்டிகளில் படத்தின் ஓரம் சட்டத்துக்குப் பின்னால் மறைந்துபோகும் என்பதால் அது பார்ப்பவர் கண்ணில் படாது. மிச்ச நுணுக்கத்துக்கு வேறு இடங்கள் தேடினார்கள். ஹிற்றாச்சியின் புக்கினுக்கி ஏற்கனவே ஓரிடத்தைக் காட்டியிருந்தார்: நிறப் புள்ளிகள் திரையில் மேல்நோக்கி ஊர்வது போலத் தெரியுமென்றால், கீழ்நோக்கி ஊரும் அதேபோன்ற கோலத்துக்கு அலைவரிசையில் ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது. புக்கினுக்கி துளை என்று இன்றும் அதற்குப் பெயர். வேறு சிலர், பழைய சனல் அப்படியே இருக்கட்டும், மேலதிக விவரத்தை இன்னொரு பாதிச் சனலில் அனுப்புவோம் என்றார்கள்.

ஐரோப்பாவில் பின்னர் வந்த பிஏஎல்-பிளஸ் இவற்றில் எளிமையானது. அகலப் படத்தைப் பழைய பெட்டியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு 432 வரிகளில் காட்டும். மிச்சம் 144 வரிகளின் விவரத்தை அந்தக் கறுப்புப் பட்டைகளுக்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலாக ஒளித்து வைக்கும். புதிய பெட்டி எடுத்துச் சேர்த்தால் 576 வரியும் வரும். அகலத் திரை கிடைத்தது, எச்டி கிடைக்கவில்லை.

இந்த முறைகளின் பலவீனம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒளிக்க இடம் கிடைத்தது உண்மை, ஆனால் ஒளித்ததெல்லாம் பலமில்லாத சமிக்ஞை. கொஞ்சம் இரைச்சல் சேர்ந்தால், கட்டடத்தில் சமிக்ஞை பட்டுத் திரும்பி இரட்டைப் படம் வந்தால், முதலில் கெடுவது ஒளித்த பகுதிதான். தோட்டத்தில் ஒரு வரிசை ஊடுபயிர் போடலாம். ஐந்து வரிசை போட்டால் இரண்டு பயிரும் வராது.

இலக்கமுறை வந்த பிறகு

1990 மார்ச்சில் அமெரிக்க ஆணைக்குழு ஒரு தீர்மானத்துக்கு வந்தது. எச்டி தனிச் சனலில், பழையதோடு ஒட்டாமல் வரட்டும். மாறும் காலத்தில் இரண்டும் அருகருகே ஓடட்டும், பிறகு பழையதை நிறுத்துவோம். அதாவது சமிக்ஞைக்குள் ஒத்திசைவு தேடுவதை அவர்கள் விட்டுவிட்டார்கள். சில மாதங்களில், ஜூனில், ஜெனரல் இன்ஸ்ருமென்ற் நிறுவனம் எச்டியை முழுவதும் இலக்கமுறையில் 6 மெகாஹேர்ட்ஸுக்குள் அனுப்பலாம் என்று அறிவித்தது. செக்கனுக்கு ஏறத்தாழ 150 கோடி பிற்றுகள் கொண்ட படத்தை 2 கோடிக்கும் கீழே சுருக்க வேண்டும், முடிந்தது. 1996 டிசம்பரில் அமெரிக்கா அந்த வழியில் உருவான தரத்தை ஏற்றது. 2009 ஜூன் 12இல் அங்கே பெரிய நிலையங்களின் பழைய ஒளிபரப்பு நின்றது. மியூஸும் 2007இல் முடிவுக்கு வந்தது.

அப்போது பழைய பெட்டிகளின் கதி? அவற்றுக்கும் சமிக்ஞைக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. எச்டியை அதுவே பிரித்து, குறைத்து, சிவப்பு வெள்ளை மஞ்சள் வயர்களால் பழைய ரீவிக்குக் கொடுக்கும். உங்கள் வீட்டில் படக்குழாய் ரீவி இன்னும் இருந்து, அதில் எல்லோரும் ஒல்லியாக நீண்டு தெரிந்தால், அந்தச் சின்னப் பெட்டியின் செற்றிங்கில் திரை அளவு 16க்கு 9 என்று இருக்கிறது. 4க்கு 3 என்று மாற்றி, மேலும் கீழும் பட்டை விடும்படி சொன்னால் முகங்கள் சரியாகிவிடும்.

சனல்கள் இரட்டையாக வருவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கிய படத்தை மட்டும் பிரிக்கத் தெரிந்த பழைய டிஷ் பெட்டிக்கு, பிறகு வந்த எம்பெக்-4 முறையில் சுருக்கிய எச்டி விளங்காது. அடிப்படைப் படம் ஒன்று, அதன் மேல் எச்டிக்கான மேலதிக அடுக்கு ஒன்று என்று பிரித்து அனுப்பும் வழி எம்பெக்-2 தரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அது பெரிதாகப் புழக்கத்துக்கு வரவில்லை. அடுக்கு முறையில் மிச்சமாகும் இடம் கொஞ்சம், பெட்டியின் சிக்கலோ அதிகம். இரண்டு தரம் அனுப்புவதே மலிவு.

இலங்கை 2014இல் தரைவழி இலக்கமுறைக்கு யப்பானின் ஐஎஸ்டிபி-ரி முறையைத் தெரிவு செய்வதாக அறிவித்தது. அதில் ஒரு சனலை 13 துண்டுகளாக வெட்டுவார்கள். 12 துண்டுகளில் எச்டி போகலாம், நடுத் துண்டு ஒன்று கைபேசி போன்ற சின்னத் திரைகளுக்கு. நடுத் துண்டை மட்டும் பிடிக்கும் கருவிக்கு மிச்சத்தைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. 1980களில் தேடிய ஒத்திசைவின் ஒரு சாயல் இதில் இருக்கிறது, ஆனால் ஒளித்து வைக்காமல் வெளிப்படையாகவே பங்கு பிரித்திருக்கிறார்கள்.

வெளிநாட்டு உறவினர் வாங்கித் தரும் ரீவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவிலிருந்து வருவதில் இருப்பது அமெரிக்க ஏரிஎஸ்சி ரியூனர், லண்டனிலிருந்து வருவதில் ஐரோப்பிய டிவிபி-ரி வகை. இரண்டுமே ஐஎஸ்டிபி-ரி ஒளிபரப்பை அன்ரெனாவால் பிடிக்காது. கனடா ரீவிகள் பலவற்றுக்கு பிஏஎல்லும் தெரியாது, மஞ்சள் வயரைச் செருகினாலும் படம் ஒழுங்காக வராமல் போகலாம். எச்டிஎம்ஐ வயரால் ஒரு பெட்டியைப் பூட்டினால் இந்தச் சிக்கல்களில் அநேகமானவை தீர்ந்துவிடும், பெட்டி 50 ஹேர்ட்ஸில் அனுப்புவதை ரீவி ஏற்காவிட்டால் செற்றிங்கில் 60 ஆக்கிப் பாருங்கள். பிளக்கைச் செருகுமுன் பின்பக்கத்து ஒட்டுத்தாளில் 100 முதல் 240 வோல்ற்று வரை என்று போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 120 என்று மட்டும் இருந்தால் ரான்ஸ்போமர் இல்லாமல் தொட வேண்டாம்.